விருத்தாசலம் வட்டாரத்தில் கைது விவரங்களை அறிதல்

கைது விவரம் அல்லது கைதுப் பதிவு என்பது, காவல்துறையினர் ஒருவரைக் கைது செய்யும்போது அவருடைய பெயர், முகவரி, கைதான நாள், நேரம், இடம், சாட்டப்பட்ட குற்றம், கைது செய்த அலுவலரின் பெயர் ஆகியவற்றைக் குறித்து உருவாகும் ஆவணங்களைக் குறிக்கும். இந்தியாவில் இவற்றுள் சிலவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். இக்கட்டுரை, பீங்கான் நகரம் எனப் பெயர்பெற்ற கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவ்விவரங்களை எங்கு, எவ்வாறு அறியலாம் என்பதையும், அவ்வுரிமை எவ்வாறு உருவானது என்பதையும் விளக்குகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒருவருடைய பெயரைக் கொடுத்து அவர் முன்னர் கைதானவரா என்று எவரும் தேட இயலும். இந்தியாவில் அத்தகைய பொதுத் தரவுத்தளம் இல்லை. இங்குள்ள ஏற்பாட்டின் நோக்கம் வேறு. கைதானவரின் கடந்த காலத்தை ஊராருக்குக் காட்டுவது அன்று. அவர் இப்பொழுது எங்கே இருக்கின்றார், எப்பொழுதிலிருந்து இருக்கின்றார் என்பதை அவருடைய வீட்டாருக்குக் காட்டுவதே அது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் சட்டத்தின் மற்றக் கூறுகள் எளிதில் விளங்கும்.

பின்னணி

காவல் பதிவேடுகள் முதலில் மக்களைக் கண்காணிக்கவே தோன்றின. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் சில சமூகங்களை முழுமையாகவே பதிவேட்டில் ஏற்றியது. சென்னை மாகாணத்தில் 1911ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இது நடைமுறைக்கு வந்தது. விருத்தாசலம் அப்பொழுது அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தில், அசீஸ் நகர் என்னுமிடத்தில் இச்சட்டத்தின் கீழ் ஒரு குடியிருப்பு இருந்தது. மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. பதிவேடு காவல்துறையினரையும் கண்காணிக்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெறப் பின்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு, கைதானவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும், வழக்குரைஞரைக் கலந்துகொள்ள விடவேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தப்பட வேண்டும் என்று கூறுகின்றது. ஆயினும் அந்த 24 மணி நேரம் எப்பொழுது தொடங்கியது என்பதைச் சொல்வது காவல் நிலையத்தின் எழுத்தே. சிக்கல் இங்குதான் உள்ளது.

ராஜாகண்ணு வழக்கு

இச்சிக்கலை நாடறியச் செய்த வழக்குகளுள் ஒன்று விருத்தாசலம் பகுதியிலேயே நிகழ்ந்தது. 1993 மார்ச் மாதம், முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் சமூகத்தவரான ராஜாகண்ணு ஒரு நகைத் திருட்டு தொடர்பாகக் கம்மாபுரம் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவருடைய மனைவி பார்வதியும் உறவினர்களும் அதே நிலையத்தில் தாக்கப்பட்டனர். ராஜாகண்ணு தப்பி ஓடிவிட்டார் என்று காவல்துறையினர் கூறினர். பார்வதி, மார்க்சியக் கம்யூனிஸ்ட் கட்சியினரின் துணையுடன் வழக்குரைஞர் கே. சந்துருவை அணுகினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது.

ஆனால் ராஜாகண்ணுவின் உடல் அதற்கு முன்பே மீன்சுருட்டி காவல் எல்லையில், அடையாளம் தெரியாத உடலாகக் கிடைத்திருந்தது. மீன்சுருட்டி அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. ஒரு மாவட்டத்தின் ஏட்டில் தப்பியோடியவர். அடுத்த மாவட்டத்தின் ஏட்டில் பெயரற்ற உடல். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவை என்பது நீதிமன்ற விசாரணையின் வழியாகவே நிறுவப்பட்டது. புலனாய்வும் வழக்கும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 2006ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி காவல்துறையினர் ஆயுள் தண்டனை பெற்றனர். சந்துரு அதே ஆண்டில் அந்நீதிமன்றத்தின் நீதிபதியானார்.

த. செ. ஞானவேல் இயக்கி 2021இல் வெளிவந்த ஜெய் பீம் திரைப்படம் இவ்வழக்கைத் தழுவியது. படத்தில் பாதிக்கப்பட்டோர் இருளர் சமூகத்தவராகக் காட்டப்பட்டதால், உண்மை வழக்கும் இருளர் வழக்கு என்றே பலர் எண்ணுகின்றனர், அது தவறு.

சட்ட ஏற்பாடுகள்

மேற்கு வங்காளத்தில் சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவராக இருந்த டி. கே. பாசு, காவல் மரணங்கள் குறித்து 1986இல் உச்ச நீதிமன்றத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவே மனுவாக ஏற்கப்பட்டு, 1996 திசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. அத்தீர்ப்பு பதினொரு நெறிமுறைகளை வகுத்தது. கைதின்போதே நாளும் நேரமும் குறித்த குறிப்பாணை ஒன்று எழுதப்பட வேண்டும்; குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புமிக்க ஒருவரோ அதில் சான்றொப்பமிட வேண்டும்; கைதானவரும் கையொப்பமிட வேண்டும். கைதாகி 12 மணி நேரத்துக்குள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி சென்று, அங்குள்ள அறிவிப்புப் பலகையில் தெரியுமாறு வைக்கப்பட வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று.

இந்நெறிகள் பின்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கும் கடமையைக் கூறும் 50ஏ பிரிவு 2006இலும், கட்டுப்பாட்டு அறைகளைப் பற்றிய 41சி பிரிவு 2010இலும் நடைமுறைக்கு வந்தன. 41சி பிரிவின்படி பலகை இருக்க வேண்டிய இடம் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் வெளிப்புறம். விருத்தாசலத்தில் ஒருவர் காணாமற்போனால் அவர் வீட்டார் கடலூர் வரை சென்று பலகையைப் பார்க்க வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். நாட்கூலி பெறும் சூளைத் தொழிலாளியின் குடும்பத்திற்கு இது ஒரு நாள் ஊதிய இழப்பும் பேருந்துச் செலவும் ஆகும்.

2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா 2023, இதை மாற்றியது. அதன் 37ஆம் பிரிவின்படி மாவட்டத்தில் மட்டுமன்றி ஒவ்வொரு காவல் நிலையத்திலும், உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒரு அலுவலர் இதற்கெனக் குறிக்கப்பட வேண்டும். கைதானோரின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை அவர் பேண வேண்டும். அவை நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எளிதில் தெரியுமாறு வைக்கப்பட வேண்டும். மின்னணு முறையிலும் வைக்கலாம். 48ஆம் பிரிவு, யாருக்குத் தகவல் தரப்பட்டது என்பதை நிலையத்திலுள்ள ஏட்டில் எழுத வேண்டும் என்கின்றது. இவையெல்லாம் நடந்துள்ளனவா என்று உறுதிசெய்துகொள்வது நடுவரின் கடமை.

விவரம் அறியும் வழிகள்

வேலைக்குச் சென்றவர் இரவு வீடு திரும்பவில்லை. யாரோ ஜீப்பில் ஏற்றிச் சென்றதாக அண்டை வீட்டார் சொல்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் செல்ல வேண்டிய இடம் அப்பகுதிக் காவல் நிலையமே. அங்குள்ள அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதற்கோ, கைது விவரம் கேட்பதற்கோ கட்டணம் இல்லை. உறவினராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிடித்தவர்கள் வேறு நிலையத்தினராகவோ தனிப்படையினராகவோ இருக்கக்கூடும் என்பதால், கடலூர் மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறையிலும் கேட்பது நல்லது. வாய்மொழியாக மட்டும் கேட்காமல் எழுத்தில் மனு கொடுத்து ரசீது பெறுவது பின்னர் பெரிதும் உதவும். கேட்ட நேரமும் அதனால் ஓர் ஆவணத்தில் பதிவாகின்றது.

முதல் தகவல் அறிக்கைகளைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு முதலியவற்றைக் கொடுத்துப் பார்க்கலாம். அறிக்கை பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இணைப்பு வசதி குறைந்த இடங்களுக்குக் கூடுதல் நேரம் உண்டு. பாலியல் குற்றங்கள், தீவிரவாதம், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் முதலிய வழக்குகளின் அறிக்கைகள் ஏற்றப்படுவதில்லை. இங்கு ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை வேறு, கைதுப் பதிவு வேறு. அறிக்கையில் பெயர் இருப்பவர் கைதாகாமல் இருக்கலாம். கைதானவரின் பெயர் அறிக்கையில் இல்லாமலும் இருக்கலாம்.

அறிக்கை எண் கிடைத்துவிட்டால் மின்-நீதிமன்றங்கள் தளத்தில் காவல் நிலையம், எண், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு வழக்கின் நிலையைத் தேடலாம். நீதிமன்றக் காவலுக்கு அனுப்பப்பட்ட ஆணையின் சான்றிட்ட படியை நடுவர் நீதிமன்றத்தில் மனு செய்து பெறலாம். வழக்கில் தொடர்பில்லாதவர் காரணம் கூற வேண்டியிருக்கும். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்னும் எண்ணை அழைக்கலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம்

இந்திய அளவிலான சட்டம் 2005இல் வந்தது. தமிழ்நாடு 1997இலேயே தனக்கெனத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியிருந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பலாம். பதிலளிக்க 30 நாள் காலவரை உண்டு. ஆனால் ஒருவருடைய உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலானால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என 7ஆம் பிரிவு கூறுகின்றது. காவலில் இருப்பவரைப் பற்றிக் கேட்கும்போது இப்பிரிவை மனுவின் தலைப்பிலேயே குறிப்பிடுவது பயன்தரும்.

புலன்விசாரணைக்கு இடையூறு என்னும் காரணத்தால் தகவல் மறுக்கப்படுவது உண்டு. விசாரணை நடக்கின்றது என்பது மட்டுமே மறுப்பதற்குப் போதாது, எவ்வாறு இடையூறு ஏற்படும் என்று காட்ட வேண்டும் எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2007இல் பகத் சிங் வழக்கில் கூறியது. தனிப்பட்ட தகவல் என்னும் விலக்கு இன்னொன்று. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இவ்விலக்கை விரிவாக்கியது. அத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் உள்ளதாயினும், மூன்றாம் நபரின் கைது குறித்துக் கேட்போருக்கு இனி வழி குறுகலாகும் என்றே கருத வேண்டியுள்ளது.

பதிவில் வராத நேரம்

மேற்சொன்ன வழிகள் அனைத்தும் கைது எழுதப்பட்ட பின்னரே பயன்படும். ‘சும்மா விசாரணைக்குத்தான்’ என்று அழைத்துச் செல்லப்படுபவர் எந்தப் பலகையிலும் இருக்கமாட்டார். கணினித் தரவுத்தளங்களில் ஒரு நிகழ்வு நடந்த நேரமும் அது பதிவான நேரமும் தனித்தனியே வைக்கப்படுவதுண்டு. கைதுப் பதிவில் இருப்பதோ காவல்துறை எழுதும் ஒரே நேரம். 2020 நவம்பரில், விருத்தாசலம் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த முந்திரி வணிகர் செல்வமுருகன் இறந்தபோது, அவர் பிடித்துச் செல்லப்பட்ட நாளும் கைது காட்டப்பட்ட நாளும் ஒன்றல்ல என்பது குடும்பத்தினர் கூறிய குற்றச்சாட்டுகளுள் ஒன்றாக இருந்தது. அவ்வழக்கு மாநிலக் குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது.

இந்த இடைவெளியைப் பிற ஆதாரங்களே நிரப்ப இயலும். காவல் நிலையத்தின் நுழைவாயில், தடுப்பறை, தாழ்வாரம் என எல்லா இடங்களிலும் ஒலியும் பதிவாகும் கண்காணிப்புப் படக்கருவிகள் வேண்டும் என 2020 திசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பதிவுகள் காலப்போக்கில் அழிந்துபடும் என்பதால் அவற்றைப் பாதுகாக்கக் கோரும் மனுவைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். ஒருவர் எங்கிருக்கின்றார் என்பதே தெரியாத நிலையில், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு செய்யலாம். மனைவியோ பெற்றோரோ மட்டுமன்றி நண்பரும் இதைத் தாக்கல் செய்யலாம்.

வெளியிடப்படாதவை

சட்டத்துடன் முரண்பட்ட சிறாரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு தடைசெய்கின்றது. புலன்விசாரணை அலுவலரின் வழக்கு நாட்குறிப்பைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கூடக் கோரிப் பெற இயலாது. நிலையத்தின் பொது நாட்குறிப்பு இதனின்றும் வேறானது.

விடுதலையானவரின் பெயர் இணையத்தில் நிலைத்திருப்பது புதிதாக எழுந்துள்ள சிக்கல். ஒரு வழக்கில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்ட ஒருவர், தீர்ப்பிலிருந்து தம் பெயரை மறைக்கக் கோரினார். சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2021 ஆகத்தில் அதை மறுத்தார். ஈராயம் 2024 பெப்ரவரியில் ஏற்றது. அவ்வாணைக்கு உச்ச நீதிமன்றம் 2024 சூலையில் இடைக்காலத் தடை விதித்தது.