கறுப்பு அகழியும் நீலக் குளமும்

1920 ஒலிம்பிக்கில் நீச்சல் போட்டிகள் நடந்தது ஆன்ட்வெர்ப் நகரின் பழைய கோட்டை அகழியில். முதல் உலகப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அகழியின் ஒரு பகுதியைப் பலகையடித்துத் தடுத்து, 100 மீட்டர் குளமாக்கியிருந்தார்கள். 2016இல் ரியோவில் கிடைத்ததோ வடிகட்டிய, வெப்பம் அளந்து வைத்த, அடித்தரைக் கோடு பளிச்சென்று தெரிகிற நீலத் தண்ணீர். இரண்டில் மோசமான குளம் எது என்று கேட்டால், ரியோ என்றே சொல்வேன்.

ஆன்ட்வெர்ப்பின் தண்ணீர் கறுப்பு. குளிரோ உடம்பை விறைக்க வைப்பது. பலகைத் தாவலில் தங்கம் வென்ற அமெரிக்கச் சிறுமி அய்லீன் ரிகினுக்கு அப்போது 14 வயது. பாய்ந்து உள்ளே போனால் அடிச்சேற்றில் சிக்கிக்கொள்வோமோ, இந்த இருட்டுக்குள் யாராவது தன்னைக் கண்டுபிடிப்பார்களா என்று பயந்ததைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். மங்கலான குளத்தில் பயிற்சி எடுத்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். சுவர் கண்ணில் படாது. கைவீச்சை எண்ணிக்கொண்டே போய்த் திரும்ப வேண்டும். ஆனால் அந்தக் குளிரும் இருட்டும் எல்லோருக்கும் பொது. அதே நீரில் நீச்சல் வீராங்கனை எதெல்டா பிளெய்ப்ட்ரி மூன்று தங்கம் வென்றார். அந்த வெற்றியில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

ரியோவில் எல்லோரும் பார்த்தது பச்சையாகிப்போன தாவு குளத்தை. ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொட்டியதில் குளோரின் செயலிழந்து பாசி பிடித்தது. உலகமே அதைப் படமெடுத்தது. நீச்சல் பந்தயக் குளத்தின் குறையோ கண்ணுக்குத் தெரியாத ஒன்று. 2013 பார்சிலோனா உலகப் போட்டியின் நேரங்களை அலசிய இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டிருந்தார்கள். நெடுந்தூரப் பந்தயங்களில் ஒரு பக்க லேன்களில் நீந்தியோர் போகும்போது ஒரு வேகம், திரும்பும்போது வேறொரு வேகம் காட்டினார்கள். மறுபக்க லேன்களில் அது நேர்மாறாக இருந்தது. குளத்துக்குள் நீரோட்டம் சுழன்றால் இப்படித்தான் ஆகும். ரியோவின் நேரங்களிலும் அதே சாயல் தெரிந்தது. குளம் கட்டியவர்கள் மறுத்தார்கள். நீரோட்டத்துக்கு எது காரணம் என்பது விவாதத்துக்குரியது. எண்களைத் தள்ளிவிடுவது எனக்குச் சாத்தியமாகப் படவில்லை.

போய்த் திரும்பும் பந்தயத்தில் இந்த லாபநஷ்டம் பெருமளவு சரியாகிவிடும். 50 மீட்டரில் திரும்புதலே கிடையாது. ஒரே திசை, ஒரே பாய்ச்சல். ரியோவின் நேரங்களை அலசியவர்களின்படி, அங்கே பெரிய எண் லேன்களுக்கு நீரோட்டம் சாதகமாக இருந்தது. ஆண்கள் 50 மீட்டர் இறுதியில் ஆந்தனி எர்வின் 21.40 விநாடி, ஃப்ளோரென்ட் மனாடூ 21.41. இந்த முடிவை நீரோட்டம் மாற்றியது என்று நான் சொல்லவில்லை. நூற்றில் ஒரு பங்கு விநாடியில் தங்கம் கைமாறும் இடத்தில், ஒரு லேனுக்கு மட்டும் தண்ணீர் கைகொடுத்தால் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதைத்தான் சொல்கிறேன். அரையிறுதிக்கே வராமல் போனவர்களை யார் கணக்கெடுப்பது? நான்காண்டுப் பயிற்சியோடு வந்தவருக்கு, தோற்றது தன் உடம்பா, லேனா என்றுகூடத் தெரியாது.

அகழியிலும் அநீதி நடந்தது. லேன்களைப் பிரிக்கக் கயிறில்லாத குளம் அது. 100 மீட்டர் இறுதியில் நார்மன் ராஸ் தன் வழியை மறித்ததாக ஆஸ்திரேலியாவின் வில்லியம் ஹெரால்ட் முறையிட்டார். மறித்தது கண்ணுக்குத் தெரிந்த குறை; முறையிட ஓர் ஆள் இருந்தார். சில நாள் கழித்துப் பந்தயத்தையே மறுபடி நடத்தினார்கள். டியூக் கஹனமோகு மறுபடியும் முதலாவதாக வந்தார். ரியோவின் நேரங்களை அலசி எண்கள் வெளிவந்தபோது பதக்கங்கள் கழுத்தில் ஏறியிருந்தன. எந்தப் பந்தயமும் மறுபடி நடக்கவில்லை.