டவுன் சின்ட்ரோம் ஏன் வருகிறது? கருமுட்டைக்குள் நடக்கும் மியாசிஸ்.. ஸ்டெப் பை ஸ்டெப் விளக்கம்!

டவுன் சின்ட்ரோமுடன் ஒரு குழந்தை பிறந்தால், "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா?", "மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்டே?" என்று கேள்விகள் அம்மாவை நோக்கித்தான் பாய்கின்றன. ஆனால் உண்மையான காரணம் இருப்பது செல் பிரிவில்.. அதுவும் மியாசிஸ் எனப்படும் குன்றல் பகுப்பில்.

மியாசிஸ் எதற்கு?

மனித உடல் செல்களில் 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடிகள் உள்ளன. ஜோடியில் ஒன்று அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது. கருமுட்டையிலும் விந்தணுவிலும் அப்படியே 46 இருந்தால் குழந்தைக்கு 92 ஆகிவிடுமே? அதைப் பாதியாக, 23 ஆகக் குறைப்பதுதான் மியாசிஸ். இதில் டிஎன்ஏ ஒருமுறை நகலாகும், செல் இரண்டு முறை பிரியும்.

முதல் பிரிவு

* புரோஃபேஸ் 1: ஜோடிக் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டி, துண்டுகளை மாற்றிக்கொள்ளும். இதுதான் குறுக்கே கலத்தல். கூடப்பிறந்தவர்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.
* மெட்டாஃபேஸ் 1: செல்லின் நடுவில் ஜோடி ஜோடியாக நிற்கும்.
* அனாஃபேஸ் 1: ஜோடி பிரிந்து, ஆளுக்கொரு பக்கம் போகும்.
* டீலோஃபேஸ் 1: இரண்டு செல்கள் உருவாகும். ஒவ்வொன்றிலும் 23.

இரண்டாவது பிரிவு

ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு நகல்கள் இன்னும் ஒட்டியே இருக்கும். மெட்டாஃபேஸ் 2-ல் அவை நடுவில் வந்து நிற்க, அனாஃபேஸ் 2-ல் நகல்கள் பிரியும். ஆணில் 4 விந்தணுக்கள் கிடைக்கும். பெண்ணில் ஒரே ஒரு கருமுட்டைதான் மிஞ்சும்.

பல வருட காத்திருப்பு

ஒரு பெண் தன் அம்மாவின் வயிற்றில் சிசுவாக இருக்கும்போதே அவளது முட்டைகளில் மியாசிஸ் தொடங்கி, புரோஃபேஸ் 1-ல் நின்றுவிடுகிறது. பருவமடைந்த பிறகு, முட்டை வெளியேறும் சமயத்தில்தான் மீண்டும் நகரும். விந்தணு நுழைந்த பிறகே இரண்டாவது பிரிவு முடியும். அப்படியென்றால் 40 வயதில் வெளிவரும் முட்டை, 40 வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்த முட்டை!

தப்பு நடக்கும் இடம்

இவ்வளவு காலத்தில் குரோமோசோம்களைப் பிடித்து வைக்கும் கட்டு தளர்ந்துவிடலாம். 21-வது குரோமோசோம் சரியாகப் பிரியாவிட்டால் முட்டையில் 24 சேரும். விந்தணுவின் 23-ம் கூடினால் 47. சுமார் 95% டவுன் சின்ட்ரோமுக்கு இந்தக் கூடுதல் 21-வது குரோமோசோம்தான் காரணம். பிரான்ஸ் ஆய்வாளர்கள் 1959-ல் இதை வெளியிட்டனர். பெரும்பாலும் முட்டையில் நடந்தாலும், சிலருக்கு விந்தணுவிலும் இந்தப் பிழை நேர்கிறது.

வயது எவ்வளவு முக்கியம்?

தோராயமாக, தாயின் வயது 25 என்றால் 1,200 பிரசவங்களில் ஒன்று. 35 வயதில் 350-ல் ஒன்று. 40 வயதில் 100-ல் ஒன்று. 40 வயதிலும் 100-ல் 99 பேருக்கு இது வருவதில்லை, இளம் தாய்க்கு வரவே வராது என்றும் இல்லை.

அம்மா மேல் தப்பா?

இல்லை. கிரகணமோ, சாப்பாடோ, செய்த வேலையோ இந்தப் பிரிவை மாற்றுவதில்லை. சுமார் 3 முதல் 4% பேருக்கு மட்டும் 21-வது குரோமோசோமின் பகுதி வேறொன்றோடு ஒட்டியிருக்கும். அது பெற்றோரில் ஒருவர் வழியாகவும் வரலாம். எந்த வகை என்பதைக் குழந்தையின் ரத்தத்தில் செய்யும் கேரியோடைப் பரிசோதனை காட்டிவிடும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிகள் அந்த ரிப்போர்ட்டுடன் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.