மந்த வாயுவில் ஆக்சிசனைக் கண்டறிதல்

நைட்ரசன், ஆர்கான் ஆகிய வாயுக்கள் நிரம்பிய கலனில் ஆக்சிசன் கலந்துள்ளதா என்பதைக் கண்ணாலோ மூக்காலோ அறிய முடியாது. இவை அனைத்தும் நிறமும் மணமும் அற்றவை. ஆகவே, ஆக்சிசன் பிற பொருள்களில் ஏற்படுத்தும் மாற்றத்தைக் கொண்டே அதன் இருப்பு அறியப்படுகிறது.

தொடக்ககாலச் சோதனைகள்

18 ஆம் நூற்றாண்டில் ஒரு காற்று சுவாசிக்கத் தக்கதா என அறிய அதில் எலியை விட்டுப் பார்த்தனர். ஆங்கிலேய வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி 1772 இல் இதற்கு மாற்றாக ஒரு சோதனையை வெளியிட்டார். நீரின் மேல் அடைக்கப்பட்ட காற்றுடன் நைட்ரிக் ஆக்சைடைக் கலந்தால் செம்பழுப்புப் புகை தோன்றி நீரில் கரையும்; காற்றின் கன அளவு குறையும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்ல காற்று எனக் கொள்ளப்பட்டது.

எளிய ஆய்வக முறைகள்

பின்னர் வேதியியலாளர்கள் மிகச் சிறிய அளவு ஆக்சிசனையும் தேடினர். வெண்பாசுபரசு ஆக்சிசன் சிறிதளவு இருந்தாலும் இருட்டில் ஒளிரும். நிறமற்ற பைரோகலால் காரக் கரைசலில் ஆக்சிசனை உறிஞ்சிப் பழுப்பாகும். செருமானிய வேதியியலாளர் லீபிக் 1851 இல் இதை வாயுப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தினார். கையுறைப் பெட்டிகளில் கண்ணாடிக் குமிழ் நீக்கப்பட்ட மின்விளக்கை எரிப்பதும் ஓர் எளிய வழி. டங்சுடன் இழை உடனே கருகினால் காற்று புகுந்துள்ளது. நெடுநேரம் எரிந்தால் கலன் தூயது.

காந்த முறை

ஆக்சிசன் காந்தத்தால் ஈர்க்கப்படும். நைட்ரசனும் ஆர்கானும் ஈர்க்கப்படுவதில்லை. இப்பண்பைக் கொண்டு அமெரிக்கரான இலினசு பாலிங் 1940 இல் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான ஆக்சிசன்மானியை உருவாக்கினார். காந்தப்புலத்தில் மெல்லிய இழையில் தொங்கும் சிறு கண்ணாடிக் கோளங்கள் ஆக்சிசனின் அளவுக்கேற்பத் திரும்பும். இம்முறையில் ஆக்சிசன் செலவாவதில்லை. பின்னாளில் இக்கருவி குறைமாதக் குழந்தைகளுக்கான காப்பகப் பெட்டிகளிலும் பயன்பட்டது.

பாதுகாப்பு

கலனுக்குள் ஆக்சிசன் புகுவது பொருளுக்குக் கேடு; அது இல்லாதிருப்பது உள்ளே நுழையும் மனிதருக்குக் கேடு. மூச்சுத்திணறல் உணர்வைப் பெரிதும் தூண்டுவது உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடே. நைட்ரசனைச் சுவாசிப்பவர் அதை வழக்கம்போல் வெளிவிடுவதால், எச்சரிக்கையின்றியே மயங்கி விழுவார். 1981 மார்ச் 19 அன்று, தீத்தடுப்புக்காக நைட்ரசன் நிரப்பப்பட்டிருந்த கொலம்பியா விண்ணோடத்தின் பின்பகுதிக்குள் பணியாளர்கள் நுழைந்து மயங்கினர். ஒருவர் அன்றே இறந்தார். மற்றொருவர் பின்னர் இறந்தார். பாசுபரசும் மின்விளக்கும் ஆக்சிசன் உள்ளதா என்று மட்டுமே காட்டும். உயிர் வாழப் போதுமா என்பதை அளவிட்டே அறிய வேண்டும். அமெரிக்கப் பணியிட விதிகள் 19.5 விழுக்காட்டுக்குக் குறைவான ஆக்சிசனை ஆபத்தானதாகக் கொள்கின்றன.