பஞ்சமி நில ஆய்வை நம் ஊரிலிருந்து தொடங்குவோம்

வரலாறு படிக்கும் நம் பிள்ளைகள் பலர் ஆய்வேட்டுக்கு ஆலோசனை கேட்டு வரும்போது 'பஞ்சமி நிலம்' என்று மட்டும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அது தலைப்பு, ஆய்வு அல்ல. ஆய்வு கேள்வியில் தொடங்குகிறது. நம் ஊரில் பஞ்சமி நிலம் எந்தப் புல எண்ணில் இருந்தது? எந்த ஆண்டு, எந்தக் காகிதத்தின் வழியாகக் கைமாறியது?

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை குறித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1892இல் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. இப்படி ஒப்படைத்த நிலத்தை 10 ஆண்டுகள் விற்கக் கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை.

மேடைகளில் நாம் 12 லட்சம் ஏக்கர் என்கிறோம். மாணவர் அதை அப்படியே எழுதிவிடக் கூடாது. எந்த ஆவணத்தில் உள்ள கணக்கு அது? மாகாணம் முழுவதற்குமா, இன்றைய தமிழ்நாட்டுக்கு மட்டுமா? மூலம் காட்ட முடியாத எண்ணைத்தான் எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்ளும்.

சான்றுகளை மூன்று இடங்களில் தேடலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகள் உள்ளன. வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும், 1980களின் யு.டி.ஆர். பதிவுகளையும் கேளுங்கள், மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்குங்கள். பிறகு சேரியின் மூத்தவர்களிடம் உட்காருங்கள். பதிவேட்டில் வெறும் எண்ணாக இருக்கும் நிலத்துக்கு அவர்களிடம் பெயர் இருக்கும். உழுதவர் யார், துரத்தியவர் யார் என்ற நினைவும் இருக்கும்.

இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால் ஆய்வுக் கருத்து பிறக்கும். 'எங்கள் ஊரில் நிலம் போனது விற்பனையால் அல்ல, பதிவேட்டில் பெயர் மாற்றியதால்' என்பது நிரூபிக்கவும் மறுக்கவும் கூடிய கருத்து. கடனுக்கு ஈடாக நம்மவரே எழுதிக் கொடுத்த பத்திரம் கிடைத்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நிபந்தனையை மீறிய அந்தப் பத்திரத்தை யார் பதிவு செய்தார் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். திரமென்ஹீர் அறிக்கையையும் கேள்வியோடுதான் படிக்க வேண்டும். நம்மீது இரக்கம் கொண்டு எழுதியிருந்தாலும், அது ஓர் அதிகாரி எழுதியது. நம் குரல் அல்ல.

காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது பதிவேட்டில் ஏற்கெனவே நமக்கென்று எழுதப்பட்ட நிலத்தை. அந்தப் பதிவேட்டைத் திறந்து படிக்கும் வேலையை நம் மாணவர்கள் செய்ய வேண்டும். ஒரு மாணவர் ஓர் ஊரை எடுத்தால் போதும். நூறு பேர் எடுத்தால் நூறு ஊர்களின் கணக்கு நம் கையில் இருக்கும்.