பெயரை மாற்றுவதும் ஓர் அமானிதமே: ‘கியூட்’ மென்பொருளின் கதை



புரோகிராம் ஓடினால் வேலை முடிந்தது என்று ஐசிடி படிக்கும் நம் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். நாம் எழுதியதை நம்பி இன்னொருவர் எழுதத் தொடங்கும்போதுதான் பொறுப்பே ஆரம்பிக்கிறது. ‘கியூட்’டின் வரலாறு அதற்கு நல்ல சான்று.

1990இல் நோர்வேயில் ஹாவார்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் என்ற இரு நண்பர்கள் அல்ட்ராசவுண்ட் படங்களுக்கான ஒரு மென்பொருளில் வேலை செய்தார்கள். அது யுனிக்ஸ், மெக்கின்டோஷ், விண்டோஸ் மூன்றிலும் ஓட வேண்டும். பட்டன், மெனு, விண்டோ எல்லாவற்றையும் மூன்று தடவை எழுதுவதா? ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் ஆயத்தத் தொகுப்பு ஒன்றை உருவாக்க 1991இல் இறங்கினார்கள். 1995 மே மாதம் கியூட் வெளியானது. அதைப் பயன்படுத்துவோர் எழுத வேண்டிய கட்டளைப் பெயர்களையும் விதிகளையும்தான் ஏபிஐ என்கிறோம்.

காலப்போக்கில் அந்தப் பெயர்களில் குறைகள் தெரிந்தன. ‘ரீபெயின்ட்’ என்ற கட்டளைக்கு ‘ஃபோல்ஸ்’ கொடுத்தால், ‘மீண்டும் வரையாதே’ என்றுதான் புதியவர் வாசிப்பார். உண்மைப் பொருளோ ‘வரை, ஆனால் பின்னணியை முதலில் அழிக்காதே’ என்பது! ஸ்லைடர் ஒன்றை உருவாக்க நான்கு எண்களை வரிசையாகக் கொடுக்க வேண்டும்; எது சிறுமம், எது பெருமம் என்று பார்த்தவுடன் விளங்காது. 2005இல் வந்த 4ஆம் பதிப்பு இவற்றைத் திருத்தியது. எல்லையையும் பெறுமானத்தையும் தனித்தனிப் பெயருள்ள கட்டளைகளால் கொடுக்கும் வழக்கம் வந்தது.

ஆனால் பழைய பெயர்களை நம்பி எழுதியவர்களின் நிலை? அவர்களுக்காகப் பழைய பகுதிகளைத் தனித் தொகுப்பாக வைத்தார்கள்; மாற்றி எழுத உதவும் கருவியும் கொடுத்தார்கள். 2012இல் 5ஆம் பதிப்பு வந்தபோதுதான் அந்தத் தொகுப்பை நீக்கினார்கள். அப்படியும் சிலர் மாறவில்லை. ‘டிரினிட்டி’ என்ற திட்டத்தினர் 3ஆம் பதிப்பையே தம் கையில் எடுத்து இன்றும் பராமரிக்கிறார்கள்.

பாடம் இதுதான்: பிழையான பெயரைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் நம்மை நம்பியவருக்கு முன்கூட்டியே சொல்லி, அவகாசமும் வழியும் கொடுத்துத் திருத்த வேண்டும். பாடத்திட்டம் மாற்றுபவருக்கும், பள்ளி நிர்வாகத்தில் விதி மாற்றுபவருக்கும் இது பொருந்தும்.

புரோகிராமிங் பழகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வாசிக்கக் கொடுங்கள்.