கரண்ட் வருகிற வழி

கரண்ட் போய்விட்டது, கரண்ட் வந்துவிட்டது என்று நாம் சொல்வதைக் கேட்டால், அது வெளியூர் போய்த் திரும்பும் உறவுக்காரர் போல இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நம் ஊரில் பலர் மின்துறை அலுவலகத்தைக் காட்டுவார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வில்லியனூர் துணைமின் நிலையத்தைச் சொல்வார்கள். இரண்டுமே வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் இடங்கள்தான். உற்பத்தி செய்யும் இடங்கள் அல்ல.

நம் யூனியன் பிரதேசத்து அரசுக்கென்று உள்ள மின் நிலையம் காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் இருக்கிறது. எரிவாயுவில் ஓடும் 32.5 மெகாவாட் நிலையம். அதன் மின்சாரம் காரைக்காலுக்கே போய்விடுகிறது. மாஹேக்குக் கேரளம் வழியாகவும், ஏனாமுக்கு ஆந்திரம் வழியாகவும் வருகிறது. புதுச்சேரிக்கு நெய்வேலி, கல்பாக்கம், கூடங்குளம், கர்நாடகத்துக் கைகா, தெலங்கானாவின் ராமகுண்டம் என்று பல மத்திய நிலையங்களில் பங்கு உண்டு. சுருக்கமாகச் சொன்னால், நாம் ஊரார் அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்.

நம் வயதுக்காரர்கள் சிம்னி விளக்கையும் அம்மிக்கல்லையும் கை பம்பையும் பார்த்தவர்கள். அன்றைக்குக் கரண்ட் என்றால் ஒரு பல்பு, வசதியான வீட்டில் ஒரு ஃபேன், ஒரு ரேடியோ. அது நின்றால் திண்ணைக்கு வந்து உட்காருவோம், அவ்வளவுதான். இன்று குழாயில் தண்ணீர் வருவதும், லிஃப்ட் இறங்குவதும், ஃபிரிட்ஜில் இன்சுலின் கெடாமல் இருப்பதும், வெளிநாட்டுப் பிள்ளைகளின் குரல் கேட்பதும் அந்தக் கம்பியை நம்பித்தான்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் நமக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது இதை எல்லோருமே உணர்ந்தோம். எங்கள் தெருவில் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. முதல் நாள் இருட்டுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் நாள் மாடித் தொட்டி காலியானதும் இருட்டு மறந்துபோய், தண்ணீர் தேடிக் குடத்தோடு அலைந்தோம். நிலத்தடியில் தண்ணீர் இருந்தது. மேலே கொண்டுவர வழியில்லை. கை பம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு மோட்டார் வைத்த தலைமுறை நாம்தான்.

மின்சாரத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. நெல்லைப் போலக் குதிரில் கொட்டிவைக்க முடியாது. பேட்டரியில் கொஞ்சம் சேர்க்கலாம். ஊருக்கே வேண்டியதை அப்படிச் சேர்த்து மாளாது. நாம் சுவிட்சைப் போடும் அதே நொடியில் எங்கோ ஓர் எந்திரம் அதற்கு ஈடாகச் சுழல வேண்டும். தேவையும் உற்பத்தியும் சரியாக இருந்தால் கம்பியில் வினாடிக்கு 50 சுற்று என்ற கணக்கு நிற்கும். தேவை மிஞ்சினால் அது இறங்கும், குறைந்தால் ஏறும். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடு முழுவதும் 9 நிமிடம் விளக்கை அணைத்தோமே, அப்போது சுமார் 31,000 மெகாவாட் தேவை சட்டென்று விழுந்தது. அணை மின் நிலையங்களைத்தான் முக்கியமாக அடக்கி, பிறகு மறுபடி ஏற்றி, அன்று நிலைமையைச் சமாளித்தார்கள்.

பிரெஞ்சுப் பள்ளியில் பூகோளப் பாடத்தில் அணை மின்சாரத்துக்கு ‘ஊய் ப்ளான்ஷ்’ என்று ஒரு பெயர் படித்தோம். வெள்ளை நிலக்கரி என்று அர்த்தம். கிரெனோப்ள் பக்கம் லான்சே என்ற ஊரில் அரிஸ்தித் பெர்ழேஸ் என்பவர் 1869இல் மலையருவியைக் குழாயில் இறக்கித் தன் காகிதக் கூழ் ஆலையை ஓட்டினார். 1889 பாரீஸ் பொருட்காட்சியில் அந்தப் பெயரைப் பரப்பியவரும் அவர்தான். நம் பக்கத்து வெள்ளை நிலக்கரி என்றால் நீலகிரியில் 1932இல் தொடங்கிய பைக்காராவும், அதன் பின் வந்த மேட்டூரும். கோயம்புத்தூர் பஞ்சாலைகள் பெருகியதற்குப் பைக்காரா ஒரு முக்கியக் காரணம்.

நமக்கு மலையுமில்லை, அருவியுமில்லை. நமக்குக் கிடைத்தது பழுப்பு நிலக்கரி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நெய்வேலியில் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. அவர் அதை அரசுக்குத் தெரிவித்தார். பின்னர் நிலமும் கொடுத்தார். காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1956இல் நெய்வேலி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது. சோவியத் உதவியோடு கட்டிய அனல் நிலையத்தின் முதல் எந்திரம் 1962இல் ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 16இல்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அந்த முதல் நிலையம் 58 ஆண்டு உழைத்து 2020இல் மூடப்பட்டது. பிறகு வந்த நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சுரங்கம் என்றதும் குகை போல நினைக்க வேண்டாம். திறந்தவெளிப் பள்ளம் அது. பெரிய சக்கரத்தில் வாளிகள் பொருத்திய ஜெர்மன் எந்திரங்கள் மேல்மண்ணை வாரி எடுத்த பிறகுதான் நிலக்கரி தெரியும். அதற்கும் அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவு பகலாக மோட்டார் வைத்து இறைக்காவிட்டால் சுரங்கம் குளமாகிவிடும். ஆக, கரண்ட் எடுக்கவே கரண்ட் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அவ்வளவும் நெய்வேலியிலிருந்தே வருவதாக வைத்துக்கொண்டால், மாதம் 200 கிலோ நிலக்கரி, ஒரு கன மீட்டருக்கும் குறையாத மண். அந்த மண் ஒரு காலத்தில் யாருடைய வயலாகவோ முந்திரித் தோப்பாகவோ இருந்திருக்கும்.

இதில் நம்மைத் தொடும் ஒரு விஷயம் இருக்கிறது. ஜம்புலிங்க முதலியாருக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1880களில், நம் பாகூர் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் தண்ணீருக்காகத் துளை போட்டபோது இதே பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. இன்றுவரை அங்கே சுரங்கம் வரவில்லை. பாகூர் ஏரி நிரம்புகிறது, நெல் விளைகிறது. அங்கே சுரங்கம் என்று யாராவது பேச்செடுத்தால் நாம் சும்மா இருப்போமா? பாகூர் நம் நெற்களஞ்சியம் ஆயிற்றே என்போம். நியாயம்தான்.

ஆனால் 60 கிலோமீட்டர் தள்ளி உள்ளவர்களுக்கும் அவரவர் பாகூர் உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் எந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். நிலம் முன்பே கையகப்படுத்தியது, பணம் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். விளைந்து வரும் பயிரையா அழிப்பது என்று அழுதார்கள் விவசாயிகள். அன்று அந்தக் காட்சியை நமக்குக் காட்டிய டிவி ஓடியதும், ஓரளவுக்கு அந்தப் பக்கத்து மண்ணால்தான்.

நெய்வேலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. நம் ஊர்ப் பிள்ளைகளும் அங்கே வேலை பார்த்தார்கள். சூரிய ஒளி வந்துவிட்டது என்பார்கள். வரட்டும், மாடி உள்ளவர்கள் தகடு போட்டால் நல்லதுதான். ஆனால் நாம் விளக்குப் போடும் ஏழு மணிக்குச் சூரியன் இருப்பதில்லை. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தென்னகம் நாட்டின் ஒரே மின்தொகுப்பில் சேர்ந்த பிறகு, நம் விளக்கில் எந்த ஊர் மண் எரிகிறது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது.

விருத்தாசலம் பஸ்ஸில் போகிறவர்கள் நெய்வேலி வரும்போது ஜன்னல் பக்கம் ஒருமுறை பாருங்கள். மலை போலத் தெரிகிறதே, அது மலை அல்ல. அகற்றிக் கொட்டிய மேல்மண். நம் தாத்தா காலத்தில் அங்கே அப்படி எதுவும் கிடையாது. வீட்டுக்கு வந்ததும், ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் பேரப்பிள்ளைகள் காதில் போடுங்கள். பில் குறையும் என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்த மண்மேட்டைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள், ஒருவேளை கேட்பார்கள்.