ஒரே பெயர், இரண்டு ஃபைல்: லினக்ஸில் ஒரு பழைய சிக்கல்

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து மாணவர்களுக்கும் வந்த அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கி 2007ல் வெளியிட்ட பாஸ், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அதே வருடங்களில் டெபியனில் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. வெளியே அதிகம் பேசப்படாத மாற்றம் அது.

2003ல் ஏஎம்டி நிறுவனம் ஆப்டெரான் என்ற 64 பிட் செயலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய 32 பிட் மென்பொருளும் அதில் ஓடும். அப்படியானால் ஒரே கணினியில் ஒரே லைப்ரரியின் இரண்டு வடிவங்களும் இருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

லைப்ரரியைப் பயன்படுத்தி நிரல் எழுதுபவருக்கு ஹெடர் ஃபைல் தேவை. எந்த விவரம் எத்தனை பிட் என்று சொல்வது அதுதான். பல லைப்ரரிகளில் அது எல்லாச் செயலிக்கும் ஒன்றே. சிலவற்றில் அப்படி இல்லை. உதாரணம், 1991ல் வெளிவந்த ஜிஎம்பி. மிகப் பெரிய எண்களைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிடும் லைப்ரரி இது. ஒரு துண்டு 32 பிட்டா 64 பிட்டா என்பது அதன் ஹெடரிலேயே எழுதியிருக்கும். ஹெடர் மாறிப்போனால் கணக்கே தப்பாகும்.

திருப்பூர் பனியன் குடோனில் 85 சைஸையும் 95 சைஸையும் ஒரே லேபிள் ஒட்டி ஒரே தட்டில் அடுக்கினால் என்ன ஆகும்? அதே கதைதான்.

இதற்கு இரண்டு வழிகள் பிறந்தன. ஃபெடோரா ஜிஎம்பிக்கு ஒரு பொது ஹெடரை வைத்தது. அது செயலியைப் பார்த்து உரிய ஹெடருக்கு அனுப்பும். ஆனால் புதுச் செயலி வந்தால் அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

டெபியன் தட்டையே பிரித்தது. ஒவ்வொரு செயலி வகைக்கும் அதன் பெயரிலேயே தனி ஃபோல்டர். இரண்டு வகைக்கும் பொதுவான இடத்தில் ஒரு ஃபைல் இருந்தால், அது எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நிறுவும் மென்பொருளே மறுத்துவிடும். மல்டிஆர்ச் எனப்படும் இந்த முறை 2013 மே மாதம் வெளிவந்த டெபியன் 7ல் நடைமுறைக்கு வந்தது. பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்ததால் வேலை அதோடு முடியவில்லை.

அந்த உழைப்பின் பலன் பின்னால் தெரிந்தது. சென்னை ஐஐடியின் சக்தி செயலி 2018ல் சிப்பாக வந்து லினக்ஸை இயக்கியது. அது ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 64 பிட் ரிஸ்க்-ஃபைவை முதன்முறையாக அதிகாரபூர்வமாக ஏற்றது. அதன் ஹெடர்களுக்குப் புதிதாக இடம் தேட வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே இருந்த முறைப்படி இன்னொரு ஃபோல்டர், அவ்வளவுதான்.

அதே டெபியன் 13ல் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலர் நின்றுபோனது. ஆனாலும் 64 பிட் கணினியில் பழைய 32 பிட் மென்பொருளை ஓட்ட லைப்ரரிகள் இன்னும் கிடைக்கின்றன. புதியதற்கு இடம் தந்த அதே ஏற்பாடுதான் பழையதையும் காப்பாற்றுகிறது.